கடைக் கணக்கை டிவிடியில் எடுத்துவைப்பது

பேரேட்டையும் ஐந்தொகையையும் தலைமுறை தாண்டிக் காத்த செட்டிநாட்டில், இன்றைய கடைக் கணக்கு முழுவதும் ஒரே கணினிக்குள் கிடப்பது எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்கச் சொல்கிறது.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும். பதிந்து முடித்ததை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரேன்சம்வேரால் பூட்ட முடியாது. எல்லாக் கணினிகளிலும் டேலி என்னும் கணக்கு மென்பொருளை மூடிய பிறகே பேக்கப் எடுக்க வேண்டும், ஏனெனில் திறந்திருக்கும் தரவுக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதப்பட்ட பதிவுகளும் சேர்ந்துகொண்டு, தேவைப்படும் நாளில் அது திறக்காமலே போகலாம். பதிந்ததை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, இருப்பு ஒத்துவருகிறதா என்று அவசியம் பாருங்கள். வெயிலும் வெப்பமும் வட்டின் சாயப் படலத்தைக் கெடுக்கும் என்பதால், ஒரு பிரதியைக் காரைக்குடிக் கடையிலும், மற்றொன்றை ஊர் வீட்டில் முற்றத்து வெயில் எட்டாத உள்ளறையிலும் வையுங்கள்.