டெப் பொதி: நிறுவலும் கட்டலும்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் தரவிறக்கிய டெப் கோப்பை (மென்பொருளை நிறுவ உதவும் பொதி) 'டிபிகேஜி -ஐ' போட்டு நிறுவினால் சார்புப் பொதிகளை (அந்த மென்பொருள் ஓடத் தேவையான பிற பொதிகளை) அது தேடிப் போகாது. அவை கணினியில் இல்லையென்றால், கோப்புகள் விரிந்தபின் அமைவு முடியாமல் அந்தரத்தில் நிற்கும். 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ./கோப்பு.டெப்' கொடுங்கள், சார்புகளையும் இழுத்து வரும். முன்னால் அந்தப் புள்ளியும் சாய்கோடும் கட்டாயம். விட்டால் களஞ்சியத்தில் (இணையத்திலுள்ள பொதிச் சேமிப்பில்) அந்தப் பெயரைத் தேடிவிட்டுக் கையை விரிக்கும்.

சொந்தமாகக் கட்டுவது பயப்படும் அளவுக்கு இல்லை. ஓர் அடைவு; அதற்குள் யூஎஸ்ஆர்/பின் போல, கோப்பு எங்கே போய் உட்கார வேண்டுமோ அதே பாதை. கூடவே முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தில் டெபியன் என்றோர் அடைவு, அதில் பொதியின் விவரங்களைச் சொல்லும் கண்ட்ரோல் கோப்பு: பேக்கேஜ், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர், மெயின்டெய்னர், டிஸ்கிரிப்ஷன். பொதிப் பெயரில் அடிக்கோடு கூடாது. வெர்ஷன், அதாவது பதிப்பு எண், 0 முதல் 9 வரையிலான ஓர் இலக்கத்தில்தான் தொடங்க வேண்டும். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்தால் கட்டும்போதே பிழை (எரிச்சலூட்டும் விதி, ஆனால் அப்படித்தான்). போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவியதும் ஓடும் சிறு நிரல்) வைத்தால் அதன் அனுமதி 755 (எல்லோரும் படிக்கலாம், இயக்கலாம்; உரிமையாளர் மட்டும் திருத்தலாம்).

கட்டளை: 'டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் --பில்ட் அடைவு'. நடுவிலுள்ளதை விட்டால் கோப்புகள் உங்கள் பயனர் எண்ணிலேயே பொதிக்குள் போகும். அடுத்தவர் கணினியில் அந்த எண் வேறு யாருடையதோ. நிறுவும் முன் 'டிபிகேஜி-டெப் -சி' போட்டு, உரிமையாளர் ரூட்/ரூட்தானா (கணினியின் நிர்வாகிப் பயனரும் அவர் குழுவும்) என்று பார்த்துவிடுங்கள்.