பதினெட்டு கிலோ

கிண்டியில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் சில வருடம் எடைக்கணக்கு பார்த்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். இறக்கை ஒருவருக்கு, எஞ்சின் பொருத்துவது இன்னொருவருக்கு; எனக்கு மட்டும் எக்செல் ஷீட். போல்ட், வயர், பசை என்று ஆயிரத்துச் சொச்சம் வரிகள், எல்லாம் கிராமில். ஆபீசில் என் பட்டப்பெயர் 'தராசு'.

'லைட் ஸ்போர்ட்' என்ற குட்டி விமான வகைக்கு அமெரிக்காவில் 2004-ல் வந்த விதி இது: தரையில் இறங்கும் விமானம் கிளம்பும்போது மொத்தம் 1,320 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் ஏறத்தாழ 600 கிலோ. தண்ணீரில் இறங்குவதற்கு 1,430. முதல் வரைவில் 1,232 பவுண்டுதான் இருந்தது, பிறகு கூட்டினார்கள். ஆக, 600 என்பது இயற்கை போட்ட கோடு இல்லை, பேசி முடிவு செய்த எண். பல வருடம் பயிற்சிப் பள்ளிகளில் உழைத்த செஸ்னா 150-க்கு 1,600 பவுண்டு. நல்ல விமானம்தான், ஆனாலும் இந்த வகைக்குள் நுழைய முடியவில்லை.

முதல் விமானத்தை எடை போட்டது ஒரு மே மாதம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில். மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு. பெட்ரோலை வடித்து, ஆயிலை நிரப்பி, ரசமட்டம் வைத்து மூக்கை நேராக்கி, ஷட்டரையும் இறக்கியாயிற்று. ஃபேன் போடக் கூடாது. இறக்கையில் காற்று பட்டால் எண் ஆடும். "தம்பி, என் வேர்வையே ரெண்டு கிலோ இருக்கும், அதையும் கழிச்சுக்கோ" என்றார் ஃபோர்மேன் அண்ணன். தராசு காட்டியது 361 கிலோ. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு பார்த்தால், சாமான் வைக்கும் இடத்தில் யாரோ ஒரு டூல் பாக்ஸை மறந்து விட்டிருக்கிறார்கள். அதை எடுத்ததும் 358. நாங்கள் குறித்திருந்த இலக்கு 340.

அந்தப் பதினெட்டு கிலோவை யாரும் வேண்டுமென்று ஏற்றவில்லை. பாகங்களை ஒட்டி இறுக்கும் ரெசின் பிசின் கொஞ்சம் தாராளம். மேடுபள்ளம் தெரியக் கூடாது என்று பட்டி பார்த்து இன்னொரு கோட் பெயிண்ட். அது மட்டும் ஆறு கிலோ. துணிக்குப் பதில் லெதர் சீட், விமானி முன்னால் கொஞ்சம் பெரிய திரை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. சில கையெழுத்து என்னுடையது.

600-ல் 358 போனால் 242. டேங்க் 100 லிட்டர்; விமானப் பெட்ரோல் லிட்டர் 720 கிராம், அது 72 கிலோ. மீதி 170. ஆளுக்கு 85 கிலோ, கையில் ஒரு பை கூடக் கிடையாது. விளம்பரத் தாளில் இரண்டு பேர், முழு டேங்க், 20 கிலோ சாமான் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தன. மூன்றும் உண்மைதான், ஒரே நாளில் மட்டும் நடக்காது.

மீட்டிங்கில் ஒரு மேலதிகாரி, "640-லயும் பறக்கும்ப்பா, பேப்பர்ல 600 போட்டுக்கலாம்" என்றார். பறக்கும் என்பது உண்மை. எனக்குப் பயமே அதுதான். பறக்காமல் போனால் ஆள் இறங்கிவிடுவார். வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பதைத்தான் ஸ்டால் என்போம். 600 கிலோவில் மணிக்கு 45 கடல் மைல் (நாட்) வேகத்தில் ஆகும் ஸ்டால், 640 கிலோவில் 46.5 நாட் வேகத்திலேயே ஆகும். 600 கிலோவைப் போல நான்கு மடங்கு தாங்கக் கட்டிய இறக்கை, 640-க்கு 3.75 மடங்குதான் தாங்கும். இதெல்லாம் சின்ன எண்களாகத்தான் தெரியும். அப்புறம் 40 டிகிரி வெயில் சேரும். அந்தச் சூட்டில் காற்று மெலிந்து, கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையிலேயே விமானம் 3,000 அடி உயரத்து ஓடுபாதையில் கிளம்புவது போலத் திணறும். இவ்வளவையும் அன்று நான் இத்தனை தெளிவாகச் சொன்னேனா என்றால், இல்லை. குரல் நடுங்க "முடியாது சார்" என்று மட்டும்தான் சொன்னேன்.

சரி, எப்படியோ பதினோரு கிலோ மீட்டோம். லெதர் போனது, அடுத்த விமானத்தில் ஒரு கோட் பெயிண்ட் குறைந்தது. மீதி ஏழுக்கு வழியில்லாமல், இத்தனை கிலோ ஆள் என்றால் இத்தனை லிட்டர் பெட்ரோல் என்று கையேட்டில் ஒரு பட்டியல் போட்டேன். நான் அங்கே செய்த உருப்படியான வேலை அந்த ஒரு பக்கம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

2025 ஜூலையில் அமெரிக்கா அந்த 1,320 பவுண்டு வரம்பையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. இனி எடைக்குப் பதிலாக ஸ்டால் வேகத்தை வைத்து வகை பிரிப்பார்களாம். பழைய நண்பன் ஒருவன் கூப்பிட்டு, "தராசு, உன் கடைய மூடிட்டாங்கடா" என்று சிரித்தான். எடை கூடினால் ஸ்டால் வேகமும் கூடும், கடை பக்கத்துத் தெருவுக்குத்தான் மாறியிருக்கிறது என்றேன். போனை வைக்கும் முன், இப்போது வேலை செய்யும் விமானத்தில் சீட் குஷனைக் கொஞ்சம் தடிமனாக்கப் போகிறோம் என்றான்.

"பழைய குஷனை எடை போட்டியாடா?" என்று கேட்டேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.