தூங்கினவனை ஓடுகிறான் என்று சொன்ன ட்ரேஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிழை என் நிரலில் இல்லை. இதை நிரூபிக்கத்தான் மூன்று கிழமை போனது.

லினக்ஸ் ஓடும் எங்கள் போர்ட்டில், சென்சர் தரவுக்காகக் காத்துத் தூங்கவேண்டிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) ஒன்று, ட்ரேஸில், அதாவது எது எப்போது ஓடியது, தூங்கியது என்று லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் பதிவில், இடையிடையே 'எஸ்' (தூக்கம்) என்று வராமல் 'ஆர்' (ஓட்டம்) என்று வந்தது. போர்ட் விற்ற நிறுவனத்துக்கு எழுதினால், "உங்கள் நிரலைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரிப் பதில். சரி என்று கிண்டினேன். லாப்டொப்பில் விஎம் (கணினிக்குள் ஒரு போலிக் கணினி) போட்டு ஓட்டினால் ஒருமுறைகூட வரவில்லை. விஎம்முக்குச் செயலியின் ஒரேயொரு கோர்தான் கொடுத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. இந்தக் கூத்துக்கு இரண்டு கோர் வேண்டும்.

த்ரெட்டைத் தூங்கப்போடும்போது, யார் எப்போது ஓடுவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் அதன் நிலையை ஒருமுறை வாசிக்கிறது. ட்ரேஸில் பதியும்போது பழைய கெர்னல் இன்னொருமுறை வாசிக்கும். அதற்கிடையில் வேறொரு கோர் எழுப்பத் தொடங்கினால் நிலை 'வேக்கிங்' (எழும்புகிறது) ஆகிவிடும். அதற்கு ட்ரேஸில் எழுத்தே இல்லை, 'ஆர்' என்று விழுந்துவிடும். 2020இல், 5.8 கெர்னலில், எழுப்புவதை வேகமாக்கப்போய் வந்த ஓட்டை இது. 5.18இல் அடைத்தார்கள். எங்கள் போர்ட்டில் 5.10.

அடைத்த பாட்சை, அதாவது அந்தத் திருத்தத்தை, தேட கெர்னல் சோர்ஸ் வேண்டும். விசுவமடுவில் டொங்கிளை நம்பி அதை இறக்க முடியாது. பஸ் ஏறி, பரந்தன் தாண்டி, கிளிநொச்சியில் நண்பன் வீட்டு ஃபைபரில் இறக்கினேன். நேரத்தை மிச்சம் பிடிக்க 'டெப்த் 1' (கடைசி மாற்றம் மட்டும் போதும்) போட்டேன். வீட்டுக்கு வந்து மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் 'கிட் லொக்' அடித்தால் ஒரேயொரு கமிட் (மாற்றப் பதிவு)! அடுத்த நாளும் பஸ். "ஹிஸ்ட்ரி இல்லாமல் என்னத்தைக் கொண்டுபோனனீ மச்சான்?" என்று அவன் சிரித்தான்.

இன்னொரு பொறி. முதல் பாட்ச், ஷெட்யூலர் முதலில் வாசித்த நிலையையே ட்ரேஸுக்குக் கொடுக்க, அந்த மதிப்பை ட்ரேஸுக்குப் போகும் ஆர்கியுமென்ட் வரிசையின் நடுவில் செருகுகிறது. அதை மட்டும் ஏற்றினேன். அந்த வரிசையை வாசிக்க கெர்னலுக்குள் ஓடும் என் பிபிஎஃப் நிரல் அந்த எண்ணைப் பொயின்டர் (நினைவக முகவரி) என்று எடுத்துக் குப்பையாகக் கொட்டியது. 2022 மே மாதம், 5.18 வெளிவருமுன்பே, அதைக் கடைசிக்குத் தள்ளிய பாட்ச் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எடுங்கள். 5.10இல் நிலைப் புலத்தின் பெயரும் வேறு, கையால்தான் திருத்தவேண்டும்.

வெறும் 'ஆர்' எல்லாம் பொய்யல்ல. தன் நேரம் முடிந்து இறக்கப்பட்ட த்ரெட்டும் அப்படித் தெரியலாம். அதே த்ரெட்டுக்கு வேறொரு கோரிலிருந்து 'ஷெட் வேக்கிங்' (எழுப்பத் தொடங்கிய குறிப்பு) சற்று முன்னே பதிவாகியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஓடுகிறவனை யார் எழுப்புவார்கள்?

கெர்னல் பில்ட் பாதியில் கரண்ட் இரண்டுமுறை நின்றது. மூன்றாம் முறை, விடியப்புறம், அதே இடத்தில் 'எஸ்' விழுந்தது. நிறுவனத்துக்கு இரண்டு பாட்சையும் அனுப்பினேன். "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. அதுவும் ஒரு வரிதான்.