ஏற்காட்டுத் தாலாட்டு: ஒரு டிசம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பீடத்தில் ஊதா நிறத் துணி. ஞாயிறு பூசையில் வானவர் கீதம் ('உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப்பாட்டு) இனி கிடையாது, கிறிஸ்து பிறப்பு இரவில்தான் திரும்ப வரும். சின்ன வயதில் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. கீபோர்டில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. இத்தனை வாரம் பாடாமல் வைத்திருந்த பாட்டை, நடுச்சாமத்தில் கோயில் மணி அடிக்க அடிக்க எடுக்கும்போது, வாய் திறக்காத ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுகள் சலிக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நம்புகிறேன். அவை வருஷம் முழுக்கக் கிடைப்பதில்லை.

பூசை முடிந்ததும் கொயர் (பாடகர் குழு) கூட்டம். வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்டுக்கு இந்த வருஷம் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்று டோலக் அண்ணன் சொன்னார். "பஞ்சு மாதிரி பனி கொட்டுது, சறுக்கு வண்டி ஓடுதுன்னு எல்லாம் பாடியாச்சும்மா. நம்ம மலையில பனின்னா மூடுபனிதான். அதைப் பாடுற மாதிரி ஒண்ணு போடு." சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

வேலை முடிந்து வந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கீபோர்டில் வாசித்துப் பார்க்கிறேன். எதற்காக இவை இத்தனை காலம் நிற்கின்றன என்று விரலால் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஜிங்கிள் பெல்ஸ்' 1857-ல் அமெரிக்காவில் வெளியானது. அதில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே இல்லை, பாலன் இயேசுவும் இல்லை. குதிரை வண்டியில் பனியில் போகும் குஷி மட்டும்தான். ஆனால் அந்தப் பல்லவியைப் பாருங்கள்: ஸ ரி க ம ப, இந்த ஐந்து சுரத்துக்குள் முழுதும் முடிந்துவிடுகிறது. கட்டை விரலை ஸ-வில் வைத்தால் கையை நகர்த்தவே வேண்டாம். எங்கள் கொயர்ப் பிள்ளைகள் முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்வது இதைத்தான்.

'ஜாய் டு த வேர்ல்ட்' இன்னும் அழகு. முதல் வரி முழுக்க மேல் ஸ-விலிருந்து கீழ் ஸ வரை ஒரு சுரம் விடாமல் படிப்படியாக இறங்குகிறது. நம் கணக்கில் அது சங்கராபரண ராகத்தின் அவரோகணம்! ஐசக் வாட்ஸ் பைபிளின் 98-ஆம் சங்கீதத்தை வைத்து அதை எழுதியது 1719-ல். இன்று நாம் பாடும் மெட்டு அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்து சேர்ந்தது. வானத்திலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார் என்று சொல்ல, மேலிருந்து கீழே இறங்கும் ஒரு வரியைவிட வேறென்ன வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

மதியம் எஸ்டேட் லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கம் போனேன். காப்பி அறுவடை நேரம். பழம் பறிக்கிறவர்களுக்கு ஞாயிறு மதியம்தான் கொஞ்சம் ஓய்வு. தோல் நீக்கிய காப்பியின் புளித்த வாசனை வழியெல்லாம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேகம் நின்றுகொண்டிருந்தது.

ஒரு வீட்டில் ஆயா ஒருவர் பேரப்பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே பாடினார். மாமன் அது கொண்டுவந்தார், அத்தை இது கொண்டுவந்தாள் என்று வரிசையாகப் போகும் தாலாட்டு. ஒவ்வொரு அடி முடிவிலும் ஆராரோ, ஆரிரரோ. அடுத்த வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடியே, யாரும் கூப்பிடாமல், அந்த ஆராரோவை மட்டும் சேர்ந்து பாடினாள்.

அங்கேயே எனக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. பிறந்த குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்கள்தானே பெத்லகேம் மேய்ப்பர்கள்? நம் ஊர்க் கணக்கில் அவர்கள் மாமன்மார். கையில் ஏதாவது கொண்டுவராமல் இருப்பார்களா?

"இன்னொரு தரம் பாடுங்க ஆயா" என்றேன். "தூங்கிட்டான் கண்ணு, எழுப்பிவிடாதே" என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

'சைலண்ட் நைட்' பாட்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதி வைக்கிறேன். ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊர். அங்கே உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஜோசஃப் மோர் 1816-லேயே வரிகளை எழுதி வைத்திருந்தார். 1818 டிசம்பர் 24 அன்று பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவியர் குரூபரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். அன்றிரவே இருவரும் சேர்ந்து பாடினார்கள். துணைக்கு ஒரு கிட்டார். நெப்போலியன் போர்கள் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பாடும் குடும்பங்கள் அதை எடுத்துச் சென்றன. 1914-ல் போர்முனையில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் கிறிஸ்துமஸுக்குப் பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு சின்னக் கோயிலுக்காக, கையில் இருந்ததை வைத்துச் செய்த பாட்டு அது. இன்னொன்று தாளம். 6/8, நம் பாஷையில் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. தூளி ஆடும் நடை அது. ஆயாவின் பாட்டும் அதே நடைதான். மேய்ப்பர்களை மாமன்களாக்குவது பக்திக்குக் குறைவோ என்று நேற்று வரை ஒரு தயக்கம் இருந்தது. இன்று இல்லை.

நம் பக்கம் பார்த்தாலும் இது புதுசு இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஊரார் விரும்பிப் பார்த்த குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். மலையும் குறத்தியும் குறியும் அவருக்குக் கூச்சமாக இல்லை. எனக்கு மட்டும் எதற்கு?

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று ஒத்திகை. முதல் முறையாக எல்லாரும் பாடினோம்:

மஞ்சு மூடும் மலையின் மேலே — ஆராரோ
மாட்டுத் தொட்டி மெத்தை யாச்சு — ஆரிரரோ

ஆடு மேய்க்கும் மாமன் வந்தார் — ஆராரோ
ஆட்டு ரோமக் கம்பளி தந்தார் — ஆரிரரோ

காப்பித் தோட்ட மாமன் வந்தார் — ஆராரோ
கூடை நெறயப் பழமும் தந்தார் — ஆரிரரோ

முன்வரியை ஒருவர், ஆராரோவை எல்லாரும். ஆல்டோ, டெனர் என்று குரல் பிரிப்பதெல்லாம் வேண்டாம் என்று முடிவு. பிறப்பு இரவுப் பூசையில் நான்கு குரல் பாடிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் கதவைத் திறக்கிறவரும் பாட வேண்டும், அவர் எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும். இங்கே நாம் போகும் வீடுகளில் பாதி கிறிஸ்தவ வீடுகள் இல்லை. ஆராரோ தெரியாத வீடு ஒன்று உண்டா?

பிள்ளைகள் உடனே புது அடி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன்: "பஸ்சு ஓட்டும் மாமன் வந்தார், ஹாரன் அடிச்சு ஏறி வந்தார்." ஒரு சின்னப் பெண் கோபத்தோடு எழுந்தாள். "அக்கா, ஹாரன் அடிச்சா பாப்பா முழிச்சிக்கும்!" பெரிய வாக்குவாதம். கடைசியில் இருவரும் சேர்ந்தே மாற்றினார்கள்: "வளைவு வளைவா மெல்ல வந்தார்." சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ்ஸை இதைவிட நன்றாக நான் எழுதியிருக்க முடியாது. பிள்ளைகள் அடி போடும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி.

டிசம்பர் 17, புதன்

டோலக்கின் ஒரு பக்கத் தோல் தளர்ந்துவிட்டது. சேலத்துக்கு இறங்கிச் சரி செய்துகொண்டு வந்தோம். செவ்வாய்ப்பேட்டை வழியாக நடக்கும்போது வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் டக் டக் சத்தம். அண்ணன் அந்தச் சத்தத்துக்கே முணுமுணுத்தார்: "செவ்வாய்ப்பேட்டை மாமன் வந்தார் ஆராரோ, வெள்ளிக் கொலுசு பூட்டி விட்டார் ஆரிரரோ." தாய்மாமன் கொலுசு போடுவது முறைதானே.

டிசம்பர் 22, திங்கள்

நேற்றிரவு ரவுண்டு போனோம். நல்ல குளிர். குல்லா, மப்ளர், கையில் நட்சத்திர விளக்கு, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முகமூடிக்குள் வியர்வை. ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து லைன் வீடுகள் வரை.

முதல் வீட்டில் பாட்டைக் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்கள். இரண்டாவது சரணத்தில் உள்ளே இருந்து ஒரு அம்மா ஆராரோவைப் பிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும், "உங்க வீட்டு மாமன் என்ன கொண்டு வருவார்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். மிளகு என்றார் ஒருவர். ஆரஞ்சு என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுக்குக் காப்பி. பெத்தவளுக்குத்தான் முதல்ல" என்றார். அதுவரை எங்கள் பாட்டில் மரியாளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே அடியாகிவிட்டது:

டீக்கடை மாமன் ஓடி வந்தார் — ஆராரோ
தாயிக் கொருவாய் சுக்குக் காப்பி — ஆரிரரோ

தூளி வீட்டு ஆயாவிடம் போனபோது, அவரே முன்வரியை எடுத்துக்கொண்டார். எங்கள் மெட்டில் இல்லாத ஒரு வளைவைப் போட்டுப் பாடினார். அதுதான் நன்றாக இருக்கிறது, இனி அப்படித்தான் பாடப்போகிறோம்.

டிசம்பர் 25, வியாழன்

வானவர் கீதம் வந்தது. மணி, கைத்தட்டல், எல்லாம். நற்கருணைக்குப் பிறகு தாலாட்டு. தூக்கமே இல்லை, நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

வீடுகளில் கிடைத்த அடிகளையெல்லாம் கொயர் நோட்டில் ஏற்றிவிட்டோம். எந்த வீடு எந்த அடி என்று பக்கத்தில் குறிப்பு. யார் எழுதிய பாட்டு என்று ஃபாதர் கேட்டபோது, பிள்ளைகள் டீக்கடை, ஆயா, பஸ் மாமன் என்று வரிசையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு திருக்காட்சிப் பெருவிழா. மூன்று ஞானிகளுக்கு இன்னும் சரணம் இல்லை. அவர்கள் பாலனுக்குக் கொண்டுவந்த பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம், இந்த மூன்றில் வெள்ளைப்போளம்தான் தாளத்துக்குள் உட்கார மறுக்கிறது. புதன்கிழமை ஒத்திகையில் பஸ் பையனிடமும் ஹாரன் பெண்ணிடமும் கொடுத்துப் பார்க்கலாம்.