பீட்டா வரும் வரை

ஜூன் 3
ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்கு முதல் ரத்தப் பரிசோதனை. ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் 1.1. "எத்தனை முட்டை மிச்சம் இருக்குன்னுதான் இது சொல்லும். முட்டையோட தரத்துக்கு உங்க வயசைத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர். எனக்கு 38.

ஜூன் 4
38.

ஜூன் 9
இவர் ரிப்போர்ட் வந்தது. எண்ணிக்கை பரவாயில்லை, நீந்தும் வேகம்தான் குறைவு. விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகுமாம். இன்று சிகரெட்டை விட்டால் அதற்கப்புறம்தான் பலன் தெரியும் என்று டாக்டர் இவரைப் பார்த்தே சொன்னார். கல்யாணமானதிலிருந்து எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். இவரிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல்முறை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டார். ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

செப்டம்பர் 2
முட்டையைப் பெருக்கும் ஊசி ஆரம்பம். தொப்புளுக்கு இடப்பக்கம். நாளைக்கு வலப்பக்கம்.

செப்டம்பர் 12
டிரிகர் ஊசி, முட்டையைக் கடைசியாக முதிரவைப்பது, சரியாக இரவு 10:30-க்கு. 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் தானாக வெளியேறிவிடும், அப்புறம் கைக்குக் கிடைக்காது. இவர் போனிலும் என் போனிலும் அலாரம் வைத்தாச்சு. பத்து மணியிலிருந்தே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 15
லேபிலிருந்து போன். எடுத்தது ஏழு. முதிர்ந்தது ஐந்து. கருவானது நான்கு.

செப்டம்பர் 19
நான்கில் இரண்டு கருக்கள் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டன. ஒன்று மந்தமாம். ஒன்றே ஒன்று பிளாஸ்டோசிஸ்ட், அதாவது ஐந்தாம் நாள் கரு, ஆகியிருக்கிறது, அதை இன்று கருப்பையில் வைத்துவிட்டார்கள். கருப்பைச் சுவர் 8 மில்லிமீட்டர், போதும் என்றார்கள்.

நின்றுபோனவற்றை விட்டு மனசு வர மறுக்கிறது. "நல்லா ரெஸ்ட் எடுத்தியாம்மா?" என்று அத்தை கேட்டார். அவை என் வயிற்றிலேயே இல்லையே அத்தை, லேபில் தட்டில் இருந்தன. நான் படுத்தால் என்ன, நடந்தால் என்ன? பாதியில் நிற்கும் கருக்களில் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம். வயது ஏற ஏற அது கூடும். இதை எனக்கு நானே எத்தனை முறை சொன்னாலும், ராத்திரியானால் அந்த வாரம் என்ன செய்தேன், எதைத் தூக்கினேன் என்று நினைவு தோண்ட ஆரம்பிக்கிறது.

38.

செப்டம்பர் 20
படுத்தே கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு அதிகமாகாது, வழக்கம்போல் நடமாடுங்கள் என்றார் நர்ஸ். அத்தையிடம் போனை நீட்டி அவரையே சொல்லச் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார். வைத்ததும், "எதுக்கும் படுத்துக்கோ."

செப்டம்பர் 23
1978-இல் பிறந்த, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனைப் பற்றிப் படித்தேன். அம்மாவுக்கு இரண்டு குழாயிலும் அடைப்பு. முட்டையைப் பெருக்கும் மருந்து எதுவும் இல்லாமல், அந்த மாதம் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டை. எட்டு செல் கருவாக இருக்கும்போதே வைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. அவரிடமும் ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மாவுக்கு அப்போது 30 வயது. அதை ஏன் தேடிப் பார்த்தேன்?

செப்டம்பர் 25
இவர் வீட்டு டெஸ்ட் கிட் வாங்கி வந்தார். கிட் தேடுவது ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனை. டிரிகர் ஊசியில் இருந்ததும் அதேதான். அது உடம்பில் மிச்சமிருந்தால் பொய்யாகக் கோடு காட்டும். பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி இவரிடம்.

செப்டம்பர் 26
கரு ஒட்ட உதவும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தால் மார்பு கனக்கிறது. கர்ப்பம் என்றாலும் இப்படித்தான் கனக்குமாம்.

செப்டம்பர் 29
பீட்டா, அதாவது ரத்தத்தில் ஹெச்சிஜி அளவு, 61.

பாசிட்டிவ்தான். ஆனால் இந்த எண்ணைவிட 48 மணி நேரத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முக்கியமாம். அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. இவர் 61-ஐத் தாளில் எழுதிக் கீழே 122 என்று எழுதினார், அதற்கும் கீழே 244. பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அக்டோபர் 1 காலை எட்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.