பதினோராம் நம்பர் பூட்ஸ்

லெட்ஜரில் இருந்த எண்ணிக்கையும் கிடங்கில் இருந்த எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. ஒரு ஜோடிகூடக் குறையவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், தென்னிந்தியாவில் ஒரு ராணுவக் கிடங்கு. பாதுகாப்புத் துறைக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில் நான் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கணக்கு சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைக்கிற பருவம். கூட வந்த சீனியர் ஆடிட் ஆபீசர் கும்பகோணத்துக்காரர். அவர் மட்டும் ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து, பூட்ஸ் ஒன்றை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பதினொன்று. அடுத்த பெட்டியும் பதினொன்று. அதற்கடுத்தது பன்னிரண்டு.

"ஏம்ப்பா, உனக்கு என்ன நம்பர்?"

"எட்டு சார்."

"இங்க இத்தனை பேர் நடமாடறான். யாரு காலுக்கு இதை மாட்டுவே?"

கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பர் வேலூர்க்காரர். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஏழும் எட்டும் வந்த வேகத்தில் தீர்ந்துபோகும். பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே தங்கும். கையிருப்பு ஏராளமாக இருப்பதாக லெட்ஜர் காட்டும். அதனால் புதிதாகக் கேட்டாலும் மேலே கிடைக்காது. இது அவருக்கு எப்போதோ தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் துறையில் 'ஹாஃப் மார்ஜின்' என்று ஒரு தாள் உண்டு. பக்கத்தின் ஒரு பாதியில் நாங்கள் கேள்வி எழுதுவோம், மறுபாதியில் அவர்கள் பதில் எழுதுவார்கள். பூட்ஸைப் பற்றி நான் முக்கால் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "கையிருப்பு லெட்ஜருடன் ஒத்துப்போகிறது. வேறுபாடு இல்லை." எழுதிய அதிகாரி பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குச் சரியான பதில் எழுதியிருந்தார். இந்தக் கலையின் உச்சத்தை நான் பிற்பாடு டெல்லியில்தான் பார்க்கவிருந்தேன்.

அப்படிப்பட்ட ஒரு தாள் நாடாளுமன்றம் வரை எப்படிப் போகிறது என்பது வெளியே பலருக்கும் தெரியாது. யூனிட் பதில் திருப்தியில்லை என்றால் அது ஆய்வறிக்கையில் ஏறும். கனமான விஷயம் என்றால் 'டிராஃப்ட் பாரா', அதாவது அறிக்கைக்கான வரைவுப் பத்தி, ஆகி அமைச்சகத்துக்குப் போகும். பதில் சொல்ல ஆறு வாரம். அதையும் தாண்டினால் எங்கள் துறையின் தலைவரான சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) கையெழுத்திட்ட அறிக்கையில் இடம் பெறும். அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போய், அங்கிருந்து இரு அவைகளின் மேசைக்கும் வரும். பிறகு பொதுக் கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர்; அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது; 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். குழுவுக்கு எல்லாப் பாராவையும் எடுத்து விசாரிக்க நேரம் கிடையாது. சிலவற்றைத்தான் எடுக்கும். மற்றவற்றுக்கு, எடுத்த நடவடிக்கை என்ன என்று அமைச்சகம் நான்கு மாதத்தில் குறிப்பு அனுப்ப வேண்டும். நான்கு மாதம் என்பது விதி. நடைமுறையை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பூட்ஸ் டெல்லி போகவில்லை. தொகை சிறியது என்று சென்னையிலேயே கழித்துவிட்டார்கள். எனக்கு அன்று கோபம்தான். நாடே கொந்தளிக்கும் என்று நான் நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன்.

1989 ஜூலையில் போஃபர்ஸ் பீரங்கி வாங்கியது பற்றிய சிஏஜி அறிக்கை அவைக்கு வந்தது. 1986-ல் 410 பீரங்கிகளுக்கு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய்க்குப் போட்ட ஒப்பந்தம். பீரங்கியைத் தேர்ந்தெடுத்த முறையையே அறிக்கை கேள்வி கேட்டது. 70-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மக்களவையிலிருந்து கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். எங்கள் துறையின் பெயரை டீக்கடையில் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. அதுவரை நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கியே அலுத்துப்போயிருந்தேன். ஊரில் அப்பாவுக்கு மட்டும் அதற்கு முந்தைய வருடத்திலிருந்தே இந்த விவகாரம் மனப்பாடம். போஃபர்ஸை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவை எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்தன. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அறிக்கை கொடுப்பார்கள் என்று பார்த்தால், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அதிமுக எம்.பி. ஆலடி அருணா மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். "முப்பது பேர்ல ஒருத்தன் எழுதியிருக்கான்ல, அது போதும்டே" என்பார் அப்பா. அது போதுமா என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். ஆனால் குழு அறிக்கையில் பலர் மறந்துவிடாமல் சொல்லும் பகுதி அதுதான்.

டெல்லி வந்தபின் பழைய அறிக்கைகளை எடுத்துப் படிக்கிற பழக்கம் வந்தது. ஜீப் ஊழல் கதை 1948-ல் தொடங்குகிறது. லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் போட்ட ஒப்பந்தம். 2,000 ஜீப்புகள் வர வேண்டும், வந்தவை 155. பொதுக் கணக்குக் குழு விடாமல் கேட்டது. 1955-ல் விவகாரம் முடிந்தது என்று அரசு அறிவித்தது. அடுத்த வருடமே மேனன் மத்திய அமைச்சர், 1957-ல் பாதுகாப்பு அமைச்சர். இதைப் படித்த அன்று, நான் எழுதுகிற பாராக்களின் ஆயுசு என்ன என்று யோசித்துக்கொண்டே அறைக்கு நடந்தேன்.

டெல்லியில் என் வேலை பெரும்பாலும் குழுவுக்காகக் குறிப்பு தயாரிப்பது. அறிக்கையின் எந்தப் பாராவில் அமைச்சகம் எங்கே நழுவும், எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் நழுவ முடியாது என்று எழுதி வைக்க வேண்டும். கூட்டம் நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் நடக்கும். தலைவர் பக்கத்தில் சிஏஜி, எதிரே சாட்சியாகப் பாதுகாப்புச் செயலரும் அவருடைய ஆட்களும், எல்லோருக்கும் பின்னால் எங்களைப் போன்ற கோப்பு தூக்கிகள். கூட்டம் மூடிய கதவுக்குள் நடப்பது. அங்கே யார் என்ன பேசினார்கள் என்று இப்போதும் நான் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி விழுந்ததும் சாட்சி வரிசையின் பின்னாலிருந்து சீட்டுகள் முன்னே நகரும். சீட்டு எத்தனை கை மாறுகிறது என்பதை வைத்தே கேள்வி பட்டுவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். நன்றாகக் கேட்டவர்கள் யாரும் உரத்த குரலில் கேட்டவர்கள் அல்ல. "எத்தனை, எப்போது, யார் கையெழுத்து" என்று நாலே வார்த்தைகளில் கேட்டவர்கள்தான்.

எழுத்தில் பிறகு தருகிறோம் என்பது இன்னொரு பதில். அது வரும்போது குழுவின் ஒரு வருடப் பதவிக்காலம் முடிந்து, பாதி முகங்கள் மாறியிருக்கும்.

ரகசியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு யூனிட்டில் நான் கேட்ட கோப்பை 'சீக்ரெட்' என்று தர மறுத்தார்கள். முறைப்படி மேலதிகாரி மூலம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். நான் பயந்துகொண்டு கேள்வியையே விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துத் தற்செயலாகத் தெரிந்தது, அது மெஸ்ஸுக்கு நாற்காலி வாங்கிய கோப்பு. அந்த வெட்கம் எனக்கு நல்ல பாடமாக இருந்தது. அதே சமயம், எல்லா முத்திரையும் நாற்காலியை மறைக்கத்தான் என்று நினைப்பதும் தப்பு. 2017-ல் வெளிவந்த சிஏஜி அறிக்கை, முந்தைய செப்டம்பர் நிலவரப்படி ராணுவத்தின் 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடக் காணாது என்றது. இதைப் படித்து நம் எம்.பி. மட்டும்தான் கோபப்படுவார் என்று சொல்ல முடியுமா? எல்லைக்கு அப்பால் இருப்பவனும் படிப்பான். எங்கள் துறைக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருந்தது. ஆனால் இரண்டு வருடம் முன்பு 2015-லும் அறிக்கை கிட்டத்தட்ட அதே குறையைச் சொல்லியிருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் குண்டு தானாகக் கிடங்குக்கு வந்திருக்குமா என்பது நான் இருந்த கட்சியின் கேள்வி. அண்மைக் காலத்தில் பாதுகாப்புத் துறை தொடர்பான சில அறிக்கைகள் அவையில் வைக்கப்பட்டும் இணையதளத்தில் ஏற்றப்படாமல் இருக்கின்றன. அவையில் அச்சுப் பிரதி கிடைக்கும்போது இணையத்தில் மட்டும் மறைப்பதால் எந்த எதிரி ஏமாறுவான் என்பது எனக்குப் புரியவே இல்லை.

மக்களவை நடைமுறை விதிகளில் 270-ஆவது விதி குழுக்களுக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க அதிகாரம் தருகிறது. கூடவே ஒரு வால்: நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ பாதகம் என்றால் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம். பாதகமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் மறுப்பவரே முடிவு செய்கிறார்.

ரஃபேல் விவகாரத்தில் ஒரு வினைச்சொல் பட்ட பாட்டை நான் ஓய்வு பெறும் தறுவாயில் பார்த்தேன். 36 விமானங்களின் விலை பற்றி அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் ஒரு குறிப்பு கொடுத்தது. சிஏஜி அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும், நாடாளுமன்றத்தில் சுருக்கிய வடிவம்தான் வைக்கப்படும் என்று பொதுவான நடைமுறையை அது சொன்னது. 2018 டிசம்பர் 14-ஆம் தேதித் தீர்ப்பில் அது, ஏற்கெனவே ஆராய்ந்து முடித்தாகிவிட்டது என்று ஏறியது. குழுவின் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே அப்படி ஓர் அறிக்கையே தன்னிடம் வரவில்லை என்றார். மறுநாள் அரசு திருத்தம் கேட்டு மனுப் போட்டது. அறிக்கை அவைக்கு வந்ததே 2019 பிப்ரவரியில்தான், விலை எண்கள் மறைக்கப்பட்டு. முப்பத்தைந்து வருடம் பாரா எழுதியவனுக்கு இதில் வியப்பில்லை. 'செய்யப்படுகிறது' என்று எழுதியதை 'செய்யப்பட்டது' என்று படித்துக்கொள்வது எங்கள் பிழைப்பில் தினமும் நடப்பது. "கொள்முதல் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற ஒரு வாக்கியம் எட்டு வருடம் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

தணிக்கை நடந்து முடிந்ததைத்தான் பார்க்கும். நடக்கப்போவதைக் கேட்க வேண்டிய இடம் பாதுகாப்பு நிலைக்குழு. 1993-ல் துறைவாரிக் குழுக்கள் வந்தபோது உருவானது. பட்ஜெட்டில் பாதுகாப்புக்கான மானியக் கோரிக்கைகள் பல வருடம் அவையில் விவாதமே இல்லாமல், நேரம் முடிந்ததென்று மற்றவற்றோடு சேர்த்து 'கில்லட்டின்' முறையில் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். அந்தப் பணத்தை வரிவரியாகப் பார்ப்பது இந்தக் குழு மட்டும்தான். இதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் 2018 மார்ச் அறிக்கையைக் காட்டுவேன். ராணுவத் துணைத் தளபதியே குழு முன் சொன்ன கணக்கு: தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம். நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 125 திட்டங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் 29,033 கோடி. சீருடையில் இருக்கும் ஒருவர் இதை வேறெங்கே சொல்ல முடியும்? செய்தியாளரிடம் சொன்னால் வேலை போகும். குழுவின் தலைவர் பி.சி. கந்தூரி, ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல், ஆளுங்கட்சிக்காரர். தன் கட்சி அரசுக்குச் சங்கடம் என்று அறிக்கையின் கூர்மையைக் குறைக்கவில்லை. அந்த செப்டம்பரில் குழுவைத் திருத்தியமைத்தபோது தலைவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

2019-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் சியாச்சின் போன்ற உயர்மலைப் பகுதிகளில் இருக்கும் வீரர்களுக்கான உடை, உணவு பற்றிய சிஏஜி அறிக்கை வந்தது. பனியில் நடக்கும் பூட்ஸ் 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை வழங்கப்படவில்லை, பழைய பூட்ஸையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்று அதில் இருந்தது. பேப்பரில் அந்த வரியைப் படித்துவிட்டு வேலூர் ஸ்டோர்கீப்பருக்குப் போன் போட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை பேசிக்கொள்வது வழக்கம்.

"படிச்சேன் சார்" என்றார். "நீங்க அன்னிக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அது வீணாப் போகல சார். அடுத்த தடவையிலேருந்து யாருக்கு என்ன நம்பர்னு சைஸ் ரோல் வெச்சாத்தான் புதுசாக் கேக்கற இண்டெண்ட்ல கையெழுத்துன்னு எங்க ஆபீசர் சொல்லிட்டாரு. ஆடிட் மறுபடி வந்தா கேப்பான்னு பயம்."

கழித்துக்கட்டிய என் பாராவுக்கு இப்படி ஒரு பதில் இருபத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்தது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, அந்தப் பழைய பதினோராம் நம்பர் பூட்ஸெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"நான் ரிட்டையர் ஆகறவரைக்கும் அங்கேயேதான் சார் கெடந்தது. சோல் எல்லாம் உரிஞ்சு போச்சு. வருஷா வருஷம் எண்ணுவோம். ஒரு ஜோடி குறையாது."