தங்கைக்கு ஒரு பழைய திங்க்பேட்

தங்கைக்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசை. கையில் இருந்தது 8,000 ரூபாய். புது லேப்டாப் அந்த விலைக்கு வராது என்று தெரியும். நேரே சென்னையில் பழைய கம்ப்யூட்டர்கள் கிடைக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவதில் திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப் கிடைத்தது. 2011 மாடல், ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், 6,200 ரூபாய். மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது, பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. நான் பார்த்தது கீபோர்டைத்தான். கடையிலேயே நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. நாள் முழுக்கத் தட்டப்போகிறவளுக்கு அதுதானே முக்கியம்!

மீதிப் பணத்தில், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி. இந்த மாடலில் ஓரத்து மூடிக்கு ஒரே ஒரு திருகுதான்; கழற்றி இழுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க் வெளியே வந்துவிடும். ஆனால் 7 மி.மீ. தடிமனுக்கு மேல் உள்ளே நுழையாது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். பைத்தான் அதிலேயே இருக்கிறது, தனியாக இறக்க வேண்டியதில்லை.

ராத்திரி 11 மணிக்கு, "அண்ணா, இங்க வா" என்று கூப்பிட்டாள். திரையில் ஏழாம் வாய்ப்பாடு வரிசையாக நின்றது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் அந்த ஃபார் லூப் அவளே எழுதியது.